பச்சை இலைக்குள் பதுங்கும் பூஞ்சை: ‘எலிசா’ சோதனையில் எப்படி அளக்கிறார்கள்?

காஞ்சிபுரம்னு சொன்னதும் பட்டு, கோயில், இட்லி, இந்த மூன்றும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். மூன்றுக்குப் பின்னாலும் ஒரு இலை இருக்கிறது. பட்டுக்குப் பின்னால் மல்பெரி இலை. ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சம் மாமரம். இட்லிக்கு அரிசி தருவது நெற்பயிர். இந்த மூன்று இலைகளுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுதான் பூஞ்சை.

மல்பெரியில் சாம்பல் நோயும் துரு நோயும் வரும். மாவிலையில் ஆந்த்ராக்னோஸ் எனப்படும் கரும்புள்ளி நோய் வரும். நெல்லில் குலை நோய், செம்புள்ளி நோய், இலையுறை கருகல் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றிலும் விவசாயிக்கு இருக்கும் சிக்கல் ஒன்றுதான். இலையில் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போது, பூஞ்சை ஏற்கெனவே உள்ளே குடியேறி சில நாட்கள் ஆகியிருக்கும்.

அந்தப் புள்ளி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடிப்பதோடு நிற்காமல், ஒரு கிராம் இலையில் எவ்வளவு பூஞ்சை இருக்கிறது என்று எண்ணாகவே சொல்ல முடியுமா? முடியும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே ‘ரேபிட் ஆன்டிஜென்’ சோதனை, அதே குடும்பத்தைச் சேர்ந்த முறைதான் இதற்கும் பயன்படுகிறது. இதுகுறித்து விரிவாகப் பார்க்கலாம்.

இன்றைக்கே மருந்து அடிக்கணுமா, பொறுக்கலாமா?

காஞ்சிபுரம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் ஏரிப் பாசனத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று பட்டத்திலும் நெல் உண்டு. சம்பாப் பயிர் பொதி கட்டும் கார்த்திகை, மார்கழியில் ராத்திரி குளிரும், விடியற்காலைப் பனியும் சேர்ந்தே வரும். குலை நோய்ப் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது.

வரப்பில் நிற்கும் விவசாயி நாலைந்து தூரில் கண் வடிவப் புள்ளிகளைப் பார்க்கிறார். மீதி வயல் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கிறது. இப்போது அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். உடனே மருந்து அடித்தால் மருந்துச் செலவு, ஆள் கூலி. அது தேவையே இல்லாத செலவாகவும் போகலாம். நாலு நாள் பொறுத்துப் பார்த்தால் கதிர்க் கழுத்துக்கு நோய் ஏறிவிடலாம். கழுத்துக் குலை வந்துவிட்டால் கதிர் ஒடிந்து தொங்கும், நெல் பதராகும். அதற்கப்புறம் என்ன மருந்து அடித்தாலும் அந்தக் கதிர் திரும்பாது.

ரகத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். சன்ன ரக அரிசிக்குப் பெயர் போன பி.பி.டி. 5204, குலை நோய்க்கு எளிதில் மாட்டிக்கொள்ளும் ரகம். அதைப் பயிரிட்டவருக்குப் பொறுமை காட்டும் வசதி குறைவு.

மருந்தை முன்னெச்சரிக்கையாக அடித்து வைப்போம் என்று இருந்துவிடவும் முடியாது. குலை நோய்க்குப் பரவலாக அடிக்கப்படும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்சம், அரிசியில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் முடிவெடுத்தது. அதுவரை 1 மில்லி கிராம் வரை அனுமதி இருந்தது. ஒரே அடியில் நூறில் ஒரு பங்காகக் குறைந்ததில் இந்திய பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும் மருந்து என்ற பேச்சு அதன்பிறகு இன்னும் வலுத்தது.

இலைக்குள் என்ன நடக்கிறது?

குலை நோயைத் தரும் பூஞ்சையின் பெயர் மேக்னபோர்தே ஒரைசே. பைரிகுலேரியா என்ற பழைய பெயரிலும் பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். இதன் வித்து காற்றில் வந்து ஈரமான இலையில் ஒட்டிக்கொள்ளும். முளைத்ததும் நுனியில் குமிழ் போன்ற ஒரு உறுப்பை உருவாக்கும். அந்தக் குமிழுக்குள் உண்டாகும் அழுத்தம் சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தைத் தொடும் என்று அளந்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! கண்ணுக்கே தெரியாத ஒரு உயிர், அந்த அழுத்தத்தை வைத்து இலையின் தோலை ஊசி மாதிரி குத்தி உள்ளே போகிறது.

உள்ளே போன பிறகு சில நாட்களுக்கு வெளியே எந்த அடையாளமும் இருக்காது. இலை பச்சையாகவே இருக்கும். பூஞ்சை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அமைதியாகப் பரவிக்கொண்டிருக்கும். நான்கைந்து நாள் கழித்துத்தான் புள்ளி வரும். புள்ளி முற்றியதும் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் வித்துகள் கிளம்பி அடுத்த பயிருக்குப் போகும்.

இந்த நோயின் சேதம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1919-ல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் தஞ்சை டெல்டாவில் குலை நோய் பெரிய அளவில் தாக்கியதை, இந்திய நெல் நோய் வரலாற்றில் முதல் பெரும் பாதிப்பாகக் குறிப்பிடுகிறார்கள்.

கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாதா?

இப்போதும் பெரும்பாலும் கண்தான் கருவி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 0 முதல் 9 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. புள்ளியே இல்லை என்றால் 0. ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி என்றால் 1. இலைப் பரப்பில் 4 சதவீதத்துக்குக் குறைவாக நோய்ப்புள்ளி இருந்தால் 4. இலைப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் 9. நெல் ஆராய்ச்சியில் ரகங்களுக்கு மார்க் போடுவது இப்படித்தான்.

இதில் இரண்டு குறை. முதலாவது, பார்ப்பவரைப் பொறுத்து மார்க் மாறும். ஒரே இலையை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 6 என்பார். 1945-லேயே ஹார்ஸ்ஃபால், பாரட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பாதிக்கும் குறைவாக நோய் இருந்தால் நம் கண் நோய்ப்பட்ட பகுதியைக் கவனிக்கிறது. பாதிக்கு மேல் போனால் மிச்சமிருக்கும் பச்சையைக் கவனிக்கிறது. அதனால் நடுவில் உள்ள அளவுகளைப் பிரித்துச் சொல்ல கண் தடுமாறும் என்பது அவர்கள் வாதம். அதை ஒட்டி அவர்கள் உருவாக்கிய அளவுகோலும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அந்த வாதம் சரியா என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டது தனிக்கதை.

இரண்டாவது குறைதான் பெரியது. புள்ளி வராத இலைக்குக் கண் எப்போதும் 0 தான் போடும். உள்ளே பூஞ்சை ஓடிக்கொண்டிருந்தாலும் 0 தான்.

ஆன்டிபாடி இங்கே எப்படி வந்தது?

நம் உடம்புக்குள் வேண்டாத பொருள் ஒன்று நுழைந்தால், அதைப் பிடித்துக்கொள்ள ரத்தத்தில் உருவாகும் புரதம்தான் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். எந்தப் பொருளுக்காக உருவானதோ அதைத்தான் அது பிடிக்கும். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் அடுத்தவருக்குப் பொருந்தாத மாதிரி. அப்படிப் பிடிபடும் பொருளுக்குப் பெயர் ஆன்டிஜென்.

செடிக்கு ஆன்டிபாடி உருவாக்கத் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் முயலின் உதவியை நாடுகிறார்கள். பூஞ்சையை ஆய்வகத்தில் தனியாக வளர்த்து, அதிலிருந்து எடுத்த புரதத்தைச் சிறிய அளவில் முயலுக்கு ஊசி போடுவார்கள். சில வாரங்களில் முயலின் ரத்தத்தில் அந்தப் பூஞ்சைக்கு எதிரான ஆன்டிபாடி சேர்ந்துவிடும். கொஞ்சம் ரத்தம் எடுத்து சீரத்தைப் பிரித்தால், பூஞ்சையைத் தேடிப் பிடிக்கும் கருவி ரெடி. இதில் பல வகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும் என்பதால் பாலிகுளோனல் என்று பெயர்.

கலப்படமே இல்லாமல் ஒரே வகை ஆன்டிபாடி வேண்டும் என்றால் மோனோகுளோனல். எலியின் செல்லையும் புற்றுநோய் செல்லையும் இணைத்து இதை உருவாக்கும் வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டீன் இருவரும் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

‘எலிசா’ வந்தது அதற்கும் முன்னால், 1971-ல். ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மான் இருவரும் ஆன்டிபாடியோடு ஒரு நொதியை இணைத்து, நிறத்தை வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1977-ல் இங்கிலாந்தின் கிளார்க், ஆடம்ஸ் இருவரும் அதைச் செடிகளில் உள்ள வைரஸ்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். பூஞ்சைகளுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆனது.

சோதனை நடப்பது எப்படி?

பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குழிகள். குழிப்பணியாரச் சட்டியைச் சின்னதாக்கிய மாதிரி.

வயலிலிருந்து எடுத்து வந்த இலையில் 1 கிராம் நறுக்கி, 10 மில்லி உப்புக் கரைசலில் நன்றாக அரைப்பார்கள். வடிகட்டிய சாற்றைக் குழிகளில் ஊற்றி மூடி வைப்பார்கள். சாற்றில் உள்ள புரதங்கள், பூஞ்சையுடையதும் இலையுடையதும், குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். சுவரில் காலியாக இருக்கும் இடத்தைப் பால் புரதம் போன்ற ஒன்றை ஊற்றி அடைப்பார்கள். ஆமாம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர்கூட இதற்குப் பயன்படும்.

அடுத்து முயலிடமிருந்து எடுத்த ஆன்டிபாடி. பூஞ்சைப் புரதம் இருந்தால் அதோடு சேர்ந்துகொள்ளும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். அதன்பின் இரண்டாவது ஆன்டிபாடி. இது முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, முதுகில் ஒரு நொதியைச் சுமந்துகொண்டு வரும். மறுபடி கழுவல். கடைசியாக நிறமில்லாத ஒரு கரைசல். நொதி இருக்கும் குழியில் மட்டும் அது மஞ்சளாக மாறும்.

மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, பூஞ்சை அவ்வளவு அதிகம். அடர்த்தியைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. 405 நானோமீட்டர் ஒளியைக் குழிக்குள் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று இயந்திரம் எண்ணாகச் சொல்லிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். மருத்துவ ஆய்வகங்களில் பெராக்சிடேஸ் என்ற நொதி அதிகம் புழங்கும். ஆனால் செடியின் இலையிலேயே இயற்கையாக பெராக்சிடேஸ் உண்டு, நோய் வந்தால் அது இன்னும் கூடும். சரியாகக் கழுவாவிட்டால் பூஞ்சை இல்லாத குழியும் நிறம் மாறி ஏமாற்றும். அதனால் இலைச் சாற்றுக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பலரும் விரும்புகிறார்கள். மேலே சொன்ன மஞ்சள் நிறம் அதிலிருந்து வருவதுதான்.

நிறம் எப்படி எடையாகிறது?

‘இருக்கு, இல்லை’ என்பது ஒரு பதில். ‘எவ்வளவு இருக்கு’ என்பது வேறு பதில். இரண்டாவதுக்கு ஒரு ஒப்பீட்டு அளவு வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சையைக் காயவைத்து, எடை போட்டு, தெரிந்த அளவுகளில் ஆரோக்கியமான இலைச் சாற்றில் கலந்து அதே தட்டின் சில குழிகளில் ஊற்றுவார்கள். இன்ன எடைக்கு இன்ன நிறம் என்ற கோடு கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். நோயில்லாத இலையின் சாறு 0.12 காட்டுகிறது. அதன் இரண்டு மடங்கான 0.24-ஐ எல்லைக்கோடாக வைக்கிறார்கள். ஒரு மில்லிக்கு 1 மைக்ரோ கிராம் பூஞ்சை உள்ள குழி 0.30, 10 மைக்ரோ கிராம் உள்ள குழி 0.90. இப்போது வயல் இலைகள் இரண்டு. முதல் இலை 0.19. எல்லைக்குக் கீழே, அதனால் நோய் தெரியவில்லை. இரண்டாவது இலை 0.60.

0.30-க்கும் 0.90-க்கும் சரியாக நடுவில் இருப்பதால் 5 மைக்ரோ கிராம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இந்தக் கோடு பத்துப் பத்து மடங்காகப் போகும் மடக்கை அளவில் வரையப்படுவது. அதில் 1-க்கும் 10-க்கும் நடு என்பது சுமார் 3.2. ஒரு கிராம் இலையை 10 மில்லியில் கரைத்ததால் பத்தால் பெருக்க வேண்டும். ஆக, ஒரு கிராம் இலையில் சுமார் 32 மைக்ரோ கிராம் பூஞ்சை. அந்த இலையில் புள்ளியே இல்லாமலும் இருக்கலாம். கண் 0 போட்ட இடத்தில் தட்டு 32 போடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லைக்கோட்டை ஒட்டி 0.23, 0.25 என்று வரும் எண்களை நம்பி யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். அதே இலையை இரண்டு, மூன்று குழிகளில் ஊற்றிச் சராசரி பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் திரும்ப இலை எடுப்பதும்தான் வழக்கம்.

தமிழ்நாட்டில் யார் செய்தார்கள்?

பூஞ்சையை எலிசாவில் பிடித்ததற்கு நம்மூர் உதாரணம் கரும்பில்தான் தெளிவாக இருக்கிறது. கோவையில் 1912-ல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் அதைச் செய்தது. செவ்வழுகல் என்ற நோய், கொலட்டோட்ரைக்கம் ஃபல்கேட்டம் என்ற பூஞ்சையால் வருவது. 1901-ல் மதராஸ் மாகாணத்தில் இருந்த கோதாவரி டெல்டாவில் இதைப் பதிவு செய்தவர் சி.ஏ. பார்பர். பின்னாளில் இதே கோவை நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே பார்பர்தான்.

செவ்வழுகல் இலையின் நடுநரம்பிலும் சிவப்புக் கீற்றாக வரும். ஆனால் முக்கிய சேதம் கரும்புக்குள்ளே. வெளியே பார்த்தால் நல்ல கரும்பு. நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவப்பும், நடுநடுவே வெள்ளைத் திட்டும், புளித்த வாடையும். அதே கரும்பை விதைக்கரணையாக நட்டால் நோயையும் சேர்த்து நட்ட மாதிரிதான். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து இப்போது செங்கல்பட்டுக்குப் போய்விட்ட படாளம் சர்க்கரை ஆலைப் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு ரகம் செவ்வழுகலைத் தாங்குமா என்று பார்க்க வழக்கமான வழி, நிற்கும் கரும்பில் துளை போட்டு பூஞ்சையை வைத்து அடைப்பது. 60 நாள் காத்திருந்து கரும்பைப் பிளந்து பார்ப்பார்கள். கோவை ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சைக்கு எதிரான ஆன்டிபாடியை உருவாக்கி, எலிசாவில் சோதித்த முடிவுகளை 1998-லும் 2000-லும் வெளியிட்டார்கள். அறிகுறி தெரியாத திசுவிலும் பூஞ்சை பிடிபட்டது. அதைவிட சுவாரஸ்யம், தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் எண்ணில் வித்தியாசம் தெரிந்தது. தாங்காத ரகத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவுவதால் நிறம் கூடுதல், தாங்கும் ரகத்தில் குறைவு. அளவு தெரிவதால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான். நோயைக் காட்டுவதோடு, ரகத்துக்கு மார்க் போடவும் உதவுகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னையில் இதே வழியில் போனது. 1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கவனத்துக்கு வந்து ‘தஞ்சாவூர் வாடல்’ என்று பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய் இருக்கிறதே, அதற்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சையை வேரிலிருந்து எலிசா, பி.சி.ஆர். இரண்டாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆய்வுகள் நடந்தன. மட்டை தொங்கிய பிறகு தென்னையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பதால் அங்கே முன்னறிவு ரொம்ப முக்கியம்.

வெளிநாட்டில், கோதுமை இலையின் செப்டோரியா நோய்க்கு 1990-களில் எலிசா கிட்டுகள் உருவாக்கப்பட்டன. அந்தப் பூஞ்சை வாரக்கணக்கில் அறிகுறி இல்லாமல் இலைக்குள் இருக்கும். அந்த இடைவெளியில் மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான் அந்த கிட்டுகள். உத்திரமேரூர் வரப்பில் நிற்பவரின் கேள்வியேதான் அதுவும்.

அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் வரவில்லை?

வாழையில் முடிக்கொத்து நோய் வைரஸைக் கண்டுபிடிக்க எலிசா நன்றாகப் பழகிப்போன முறை. திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளுக்கு வைரஸ் சோதனை செய்து சான்று தரும் திட்டமே நாட்டில் இருக்கிறது. பூஞ்சைக்கு அந்த அளவு வராததற்குக் காரணம் பூஞ்சையின் குணம்.

வைரஸின் மேலுறை ஒன்றிரண்டு புரதங்களால் ஆனது. பூஞ்சை அப்படியில்லை. ஆயிரக்கணக்கான புரதங்கள், சர்க்கரைப் பொருட்கள். அதில் பல, எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவானவை. குலை நோய்ப் பூஞ்சைக்கு என்று செய்த முயல் சீரம், இலை மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் தீங்கில்லாத வேறொரு பூஞ்சையையும் பிடித்து ‘நோய்’ என்று சொல்லிவிடலாம். மோனோகுளோனல் இதைக் குறைக்கும், ஆனால் அதைத் தயாரிக்கச் செலவு அதிகம். வித்தாக இருக்கும்போது ஒரு புரதம், இழையாக வளரும்போது வேறு புரதம் என்று பூஞ்சை ஆளை மாற்றிக் காட்டுவதும் உண்டு.

செத்த பூஞ்சையும் சிக்கல்தான். மருந்து அடித்துப் பூஞ்சை செத்துவிட்டாலும் அதன் புரதம் கொஞ்ச காலம் இலையில் கிடக்கும். தட்டு அதையும் மஞ்சளாகக் காட்டும். ‘மருந்து வேலை செய்ததா?’ என்ற கேள்விக்கு இந்த ஒரு சோதனையை மட்டும் நம்ப முடியாது.

மல்பெரிக்கு வந்தால் இன்னொரு தடை. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலின் தொடக்கம் கர்நாடகத்திலும் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமும் உள்ள மல்பெரித் தோட்டங்களில் இருக்கிறது. சாம்பல் நோயோ துரு நோயோ வந்த இலையில் சத்து குறையும். அதைத் தின்னும் புழு நல்ல கூடு கட்டாது. ஆனால் இந்த இரண்டு பூஞ்சைகளும் உயிருள்ள இலையில் மட்டுமே வளரும். ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து சுத்தமான புரதம் எடுக்கலாம் என்றால் முடியாது. இலையின் அடியில் படியும் வெள்ளைப் பொடியைத் தூரிகையால் தட்டிச் சேர்க்க வேண்டும். அதில் இலைத் துணுக்கும் தூசியும் கலக்காமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை.

பட்டுப்புழு பக்கத்தில் ஆன்டிபாடி வேலை நடந்திருக்கிறது என்பது ஒரு ஆறுதல். கிராசரி என்ற வைரஸ் நோயைப் புழுவில் கண்டுபிடிக்க, இந்திய ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு ‘டிப்ஸ்டிக்’ முறையை வெளியிட்டார்கள். ஆன்டிபாடியோடு நொதிக்குப் பதிலாக அவர்கள் கோர்த்தது என்ன தெரியுமா? துணிக்குப் போடும் சாயத்தின் நுண்துகள்! பட்டுக்குச் சாயம் ஏற்றும் ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போகும் தகவல் இது.

கர்ப்பப் பரிசோதனை மாதிரி ஒரு பட்டை இருந்தால்?

இருக்கிறது, சில நோய்களுக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் நடப்பதும் ஆன்டிபாடி வேலைதான். அதே மாதிரி இலைச் சாற்றில் வைத்தால் சில நிமிடங்களில் கோடு காட்டும் பட்டைகள் உருளைக்கிழங்கு, பழமரங்களைத் தாக்கும் பைட்டோப்தோரா போன்றவற்றுக்கு வெளிநாட்டில் விற்பனையில் உள்ளன. திராட்சையில் வரும் சாம்பல் அழுகல் பூஞ்சையான போட்ரைட்டிசுக்கும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாலி டூயி உருவாக்கிய ஆன்டிபாடியை வைத்துப் பட்டை வந்தது. ஒயின் தயாரிப்பவர்களுக்கு அழுகல் எவ்வளவு என்ற அளவு தெரிய வேண்டும் என்பதால், கோட்டின் அடர்த்தியைப் படிக்கும் சிறு கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் பூஞ்சை தொடர்பான ஆன்டிபாடி சோதனை நன்றாகக் காலூன்றிய இடம் நிலக்கடலை. அங்கே அளப்பது பூஞ்சையை அல்ல, அது சுரக்கும் அஃப்ளடாக்ஸின் நஞ்சை. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவில் செய்யக்கூடிய எலிசா முறையை உருவாக்கியது. நஞ்சு ஒரே மூலக்கூறு என்பதால் அடையாளக் குழப்பம் குறைவு. இதில் கணக்கு தலைகீழ்: நிறம் குறைந்தால் நஞ்சு அதிகம்!

எந்த இலையை எடுப்பது?

சோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தவறான இலையைக் கொண்டுபோனால் பதிலும் தவறாகத்தான் வரும். ஒரு ஏக்கர் நெல் வயலில் லட்சத்துக்கும் மேல் தூர்கள் இருக்கும். நோய் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. நிழல் விழும் வரப்போரம், யூரியா அதிகம் விழுந்த இடம் என்று திட்டுத் திட்டாகத் தொடங்கும். வரப்பிலிருந்து கை நீட்டிப் பறித்த பத்து இலை, வயலின் கதையைச் சொல்லாது.

அதனால் வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒரே வயதுள்ள இலைகளாகப் பல இடங்களில் எடுப்பார்கள். புள்ளி உள்ள இலை, அதே தூரில் புள்ளி இல்லாத இலை, தள்ளியிருக்கும் தூரின் இலை என்று தனித்தனியாகக் காகித உறையில் போட்டு, இடமும் தேதியும் எழுதிக் கொடுப்பது நல்லது. ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைத்தால் வேறு பூஞ்சை வளர்ந்து, போகும் வழியிலேயே இலை கெட்டுவிடும்.

காஞ்சிபுரம் பகுதி விவசாயிகள் நோய்ப்பட்ட பயிர் மாதிரியோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். அங்கே பெரும்பாலும் கண்ணும் மைக்ரோஸ்கோப்பும்தான் முதல் சோதனை. குலை நோய் என்று உறுதியானால் யூரியாவை நிறுத்தி வைப்பது, வரப்பில் உள்ள புல் பூண்டுகளை அகற்றுவது, பயிரின் பருவம் பார்த்து மருந்து பரிந்துரைப்பது என்று போகும். அடுத்த பட்டத்துக்கு விதைக்கும்போது ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் கலந்து விதை நேர்த்தி செய்யச் சொல்வார்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.